பன்னிரண்டு மில்லிமீட்டர்

முதலில் வெளிப்பக்கம் துடைத்தேன்.
இரண்டாம் மாடிக் கம்பிக்கு வெளியே கைவிட்டு
தோள்பட்டை இழுத்துக்கொள்ள, பழைய லுங்கித் துணியால்.
போகவில்லை.
உள்பக்கம் துடைத்தேன். செய்தித்தாள், வினிகர்,
எதிர்வீட்டு மெர்லின் சொன்ன பல்பொடி.
அதற்கும் போகவில்லை.
கையகல வெள்ளை, ஆறிய பாலின் ஆடை மாதிரி
கண்ணாடியின் கீழ்மூலையில்.

எர்ணாவூரில் எங்கள் பிளாக்கில்
இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரே வீடு இது.
கடன்தான்.
டெல்லிபாபுவுக்குத் துறைமுகத்தில் இரவு ஷிப்டு.
காலை ஏழுக்கு வந்து படுத்தால்
எட்டுக்குக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும்
ஒன்றன் முதுகில் ஒன்று ஹாரன் அடித்தபடி.
"தூக்கத்துலயும் பொட்டி எறக்கினு கீறேன்" என்றான் ஒருநாள்,
கண் இரண்டும் தக்காளி.

மாட்டிய அன்று
யாரோ சாலைமேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடியதுபோல் இருந்தது.
அடுக்களையில் கடுகு வெடிப்பது கேட்டது.
அவன் தூங்கும்போது மெல்லிசாகச் சீட்டியடிப்பான் என்பது
கல்யாணமாகி ஒன்பதாம் வருஷம் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது ஐப்பசியில் ஆரம்பித்தது.
அவன் ஏசி போட்டுப் படுத்த அரைமணியில் படரும்.
எழுந்து வேலைக்குப் போனபின் மெதுவாக வடியும்,
வடிந்த இடத்தில் உப்புக்கோடு ஒன்றை விட்டுவிட்டு.

தண்டையார்பேட்டையிலிருந்து ஜிலானி வந்தான்
உறிஞ்சு பிடிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு.
உள்ளிருந்து ஊதி விரலால் ஒரு கோடு,
வெளியே எக்கி ஊதி இன்னொரு கோடு.
இரண்டுக்கும் இடையில் அந்த வெள்ளை
யார் விரலுக்கும் எட்டாமல் அப்படியே.
"ரெண்டுலயும் இல்லக்கா, நடுவுல. சீல் பூட்ச்சு.
வெயில்ல வீங்குது, ஏசில சுருங்குது.
இந்தாண்ட கடலு, அந்தாண்ட மணலி.
ரப்பர் இன்னாதான் பண்ணும்?"

பத்து வருட உத்தரவாதம்.
கம்பெனிக்குப் பேசினேன்.
"கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம், மேடம்?"
"ஜன்னலைத் திறந்தால் அலை கேட்கும்.
மூடினால் கேட்காது."
கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டார்கள்.
பிறகு, பொருந்தாது என்றார்கள்.

துளை போட்டு உலர்த்தினால் இரண்டாயிரம்,
அடுத்த மழைவரை தாங்கும்.
புதுசு ஒன்பதாயிரத்து அறுநூறு.
ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டால் செலவே இல்லை,
"ஆனா லாரி வூட்டுக்குள்ள வந்துரும்."

மெர்லின் இதைப் புருஷன் பெண்டாட்டியோடு
ஒப்பிடத் தொடங்கினாள்.
காபியைக் கையில் கொடுத்துப் பேச்சை மாற்றினேன்.
எங்களுக்குள் மூட்டம் எதுவும் இல்லை,
ஒன்பதாயிரத்து அறுநூறுதான் இல்லை.

சீட்டைத் தள்ளி எடுத்து
சாலைப்பக்கத்துக்கு மட்டும் புதுசு போட்டோம்.
புகைபோக்கிப் பக்கம் மூட்டத்தோடே இருக்கட்டும்,
அங்கே கண்ணாடியில் என்ன, வானத்தில் என்ன.

பழையதின் அலுமினியச் சட்டத்தை
ஜிலானி வாசலில் வைத்துக் கீறினான்.
ஜவ்வரிசி மாதிரி மணிமணியாகக் கொட்டியது.
"இதான்க்கா ஈரத்தக் குடிக்கிறது.
வயிறு ரொம்பிச்சுன்னா நிறுத்திக்கும்."
மூன்று வருஷம் எங்கள் தெருக்காற்றைக் குடித்திருக்கிறது.
குப்பைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கினேன்.

உதவாத இரும்புச்சட்டியில்
முக்கால் மணி நேரம் வறுத்தேன்.
கேஸ் விலை ஞாபகம் வந்தது, அணைக்கவில்லை.
சீட்டியடித்துத் தூங்குகிறவனை எழுப்பாமல்
துணியில் முடிந்து டிரங்குப் பெட்டியில் போட்டேன்.
பிறப்புச் சான்றிதழ், கடன் பத்திரம்,
எல்லாவற்றுக்கும் அடியில் அந்த உத்தரவாத அட்டை.

கார்த்திகை மழையில் கதவு உப்பிவிட்டது,
தீப்பெட்டி நமுத்துவிட்டது.
நேற்று எடுத்துப் பார்த்தேன்,
அட்டை மட்டும் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருக்கிறது.