இடைவெளிக்கு விளக்கம்

இந்த ஒன்பது வருசம் என்ன செய்தீர்கள் என்று
விண்ணப்பத்தில் ஒரு கட்டம் கேட்கிறது.
'ரெண்டு வரியில முடிச்சுருங்க்கா' என்கிறான்
ஈரோட்டு ஏஜென்ட் பையன்.

சாயப்பட்டறையில் கணக்கு எழுதினேன்.
சம்பளம் கையில்தான் கொடுத்தார்கள், சீட்டு இல்லை.
இரண்டு பிரசவம். அதற்குச் சீட்டு இருக்கிறது.

லோகு நாலு தறியை விற்ற பணம்
வங்கியில் அசையாமல் கிடக்கிறது,
ஆறு மாசம் யாரும் தொடக்கூடாது.
'உடன் வரும் துணை' என்ற இடத்தில்
தன் பெயரை இரண்டு தடவை படித்துவிட்டு
நானுங்களா என்றான் ஏஜென்டிடம்.

கல்யாணம் நிஜம் என்று காட்டப் பன்னிரண்டு படம்.
சீர் நடக்கையில் அவன் கொட்டாவி விடும் படத்தை
முதலில் வைத்தேன்.
நடிக்கிறவர்கள் கொட்டாவி விடமாட்டார்கள்.

திரும்பி வருவோம் என்பதற்குச் சாட்சி
அரச்சலூரில் நாற்பத்து மூன்று தென்னை.
மதிப்பீட்டாளர் கிணற்றை எட்டிப் பார்த்து
'தண்ணி இருந்தாத் தனியாப் போடலாமுங்க' என்றார்.
புருசனும் பிள்ளைகளும் கூடவே வந்தால்
யாருக்காகத் திரும்புவேன் என்று கேட்பார்களாம்.
தென்னைக்கு என்று எழுதவா?

பெருந்துறை ஸ்டுடியோவில்
தருணேஷ் ஒரே தடவையில் முறைத்துவிட்டான்.
இதழினிக்குப் போன வாரம்தான் முன்பல் விழுந்தது,
எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறாள்.
'பல்லுத் தெரியக் கூடாது கண்ணு,
சிரிச்சா அங்க வேண்டாம்பாங்க.'

நாலாவது தடவை வாயை மூடினாள்.
உள்ளே நாக்கு
அந்த ஓட்டையைத் துழாவிக்கொண்டே இருப்பது
மேலுதட்டில் தெரிந்தது.