முப்பத்தேழாம் படிவம்

நாற்பத்து மூன்று படிவங்கள்.
நாற்பத்து மூன்றிலும் அதே மூச்சு:
வந்தவர் யார் பார், பெயர் காலியா பார்,
வண்டி எண் பார்,
போகும் தேதி பார், திரும்பும் தேதி பார்,
பிழையென்றால் சிவப்பில் சொல்,
இல்லையென்றால் சேமி, அடுத்த பக்கம் அனுப்பு.
லாரிக்கு ஒருமுறை, சைக்கிளுக்கு ஒருமுறை,
குதிரை ஏற்றிய வண்டிக்கு ஒருமுறை.
ஹெல்துர் பதினோரு வருடம்
வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி வளர்த்தவை.
ஹீயுமா தீவுக்குப் படகு விடும் அந்தக் கம்பெனி
ஒருவழிச் சீட்டு விற்பதில்லை.

தார்த்து அலுவலகத்தில் சேர்ந்த மூன்றாம் வாரம்
லேலோ சொன்னாள்:
"இது நிரல் இல்லை. விக்கல்."

பிப்ரவரி. வெளியே ஆறு கல்லாகக் கிடந்தது.
கம்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டே
அவள் எழுதிய மேக்ரோ பத்தொன்பது வரி.
நிரலை எழுதும் நிரல்.
இனிப் படிவத்துக்கு ஒற்றை வரி;
மீதியை இயந்திரம் தானே விரித்துக்கொள்ளும்.
ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள்
ஒரு மதியத்தில் நானூறாய் ஒடுங்கின.

என் மொழி இலக்கணத்தில் இதற்குத் தொகை என்று பெயர்
என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
உருபை உதிர்ப்போம், காலத்தை ஒளிப்போம்.
ஊறுகாய் என்றால் போதும்;
ஊறிய காயோ, ஊறுகிற காயோ, ஊறும் காயோ,
கேட்பவர் விரித்துக்கொள்வார்.
லேலோ சொல்லிப் பார்த்தாள்: ஊருகாய்.
றகரம் வரவில்லை. விஷயம் பிடிபட்டது.

ஹெல்துர் மட்டும்
திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார்.
"எல்லாமே ஒன்றுபோல்தான் இருந்ததா?"
"ஒன்றுபோல்தான். ஒன்றில் மட்டும்
ஒரு வரி விட்டுப்போயிருந்தது. சேர்த்துவிட்டேன்."
அவர் காதில் அது விழுந்ததா, தெரியாது.
காபி இயந்திரம் அப்போது உறுமிக்கொண்டிருந்தது.

சோதித்தவன் நான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். அத்தனையும் பச்சை.

மார்ச் ஒன்பது, காலை எட்டே கால்.
தாலின் மருத்துவமனை வாசலிலிருந்து ஒரு குரல்.
பெயர் ஹில்யா. தீவுக்காரி.
கணவரை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும்,
வண்டி நிற்கிறது, ஆறு மீட்டர், கறுப்பு,
எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன்.
"அவர் திரும்பும் தேதி கேட்கிறது.
கட்டாயம் என்கிறது, சிவப்பு எழுத்தில்.
நான் என்ன போடட்டும்?"

ஒலிபெருக்கியில் வைத்திருந்தோம். எடுக்கத் தோன்றவில்லை.

லேலோ மேக்ரோவை விரித்தாள்.
பிழை சுட்டிய வரி
எங்கள் யாருடைய கோப்பிலும் இல்லை.
யாரும் எழுதாத வரி அது, இயந்திரம் விரித்த வரி.
ஹெல்துர் பார்க்கக்கூட இல்லை.
"முப்பத்தேழு" என்றார்.

பிறகு தொலைபேசியிடம்:
"நேராகத் துறைக்குப் போங்கள்.
பத்து மணிப் படகு. சீட்டை நான் கையால் போடுகிறேன்."
தரவுத்தளத்தைத் திறந்து ஒரே ஒரு வரிசை சேர்த்தார்.
திரும்பும் தேதி என்ற பத்தியில் வெறுமை.
பூஜ்யம் இல்லை. காலிச் சரமும் இல்லை.
அது வேறு, இது வேறு என்பது
எங்கள் தொழிலில் முதல் வாரத்துப் பாடம்.

செல்படகு என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
சென்ற, செல்கிற, செல்லும்.
இலக்கணப்படி மூன்றும் சரி.

மேக்ரோவுக்கு இன்னொரு சலுகை கொடுத்திருக்கலாம்,
ஒரு கொடி, ஒரு விதிவிலக்கு, நான்கு எழுத்து.
லேலோ அப்படிச் செய்யவில்லை.
முப்பத்தேழை மட்டும் பழையபடி
நூற்று நாற்பது வரியில், நீட்டி முழக்கி,
ஒவ்வொரு பார்-ஐயும் தன் கையால் தட்டினாள்.
தேதி வர வேண்டிய இடத்தில் ஒரு காலி வரி.
அதன் மேல் ஒரு குறிப்பு:
மறதி இல்லை.

நாற்பத்திரண்டு ஒற்றை வரிகளுக்கு நடுவே
அது நெடுக நிற்கிறது.
புதிதாய் வருகிறவர்கள் சுருக்கட்டுமா என்று கேட்கிறார்கள்.

நான் ஒரு சோதனை சேர்த்தேன், முந்நூற்றுப் பதின்மூன்றாவது:
தேதி இல்லாமல் அனுப்பு.
போனால், பச்சை.