ரயிலைக் கழித்தபின்

தொண்ணூற்றேழு புள்ளி மூன்று.
திரையில் அந்த எண் வந்த இரவு
தரமணி ஆய்வகத்தில் நாங்கள் மூவரும்
ஆறிப்போன பரோட்டாவைப் பிய்த்துப் பங்கு போட்டோம்.
நாலாயிரத்துச் சொச்சம் இருமல்கள்.
எது காசநோய், எது வெறும் சளி,
எது மெட்ரோ வேலையின் தூசி என்று
நெஞ்சே இல்லாத ஒன்று
கற்றுக்கொண்டுவிட்டது.
"கட்டுரைக்குத் தலைப்பு யோசி" என்றான் ஹரூன்.

சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளம்.
எந்த இடத்தில் காதை வைக்கிறது என்று காட்ட
ஒலியின் படத்தின் மேல் நிறம் பூசச் சொன்னேன்.
கவனித்தது சிவப்பு. கவனிக்காதது நீலம்.

இருமல்கள் எல்லாம் நீலமாக இருந்தன.
இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே
யாரும் ஒன்றும் செய்யாத அரை நொடியில்
அடியோரமாக ஒரு கோடு,
வெற்றிலை துப்பியது போல் சிவப்பு.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு
0417-ஐத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.
ஓர் ஆண் மூச்சை இழுக்கிறார்.
"இப்பவாம்மா?"
"இப்பதான். நல்லா" என்கிறார் பிலோமினா சிஸ்டர்.
இருமுகிறார்.
அப்புறம் ஜன்னலுக்கு வெளியே
பீச் போகும் மின்சார ரயில்
வேகமெடுக்கும் அந்த நீள ஊளை.

நோயாளிகளைப் பதிந்தது சானடோரியத்தில்,
தண்டவாளத்தைப் பார்த்த வார்டில்.
நோயற்றவர்களைப் பதிந்தது அடையாறில்,
ஏசி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.
இத்தனை நெஞ்சுகளைக் கொடுத்துப் படி என்றோம்.
அது தெற்கு ரயில்வேயைப் படித்திருக்கிறது,
வாத்தியார் புத்தகத்தில் எந்தப் பக்கம் அழுக்கோ
அங்கிருந்துதான் கேள்வி வரும் என்று
கண்டுகொண்ட பையனைப் போல.

ரயிலைக் கழித்தோம்.
அறுபத்தொன்று.
காசைச் சுண்டியிருந்தாலே ஐம்பது வந்திருக்கும்.
மிச்சம் பதினொன்று,
மூன்று வருடத்தில் இருமலைப் பற்றி
எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆகவே வைகாசி வெயிலில்
மைக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.
நோயில்லாதவர்களும் இதே ரயிலின் அருகே
இருமித்தான் ஆகவேண்டும்.

தர்பூசணிக்காரர் ஒரு தரம் இருமினார்,
கடன் கேட்க வந்தவர் வாசலில் நின்று
தொண்டையைச் செருமுவது போல.
பூக்கட்டும் செண்பகவல்லி சிரித்துச் சிரித்து
எட்டுப் பதிவுகளைக் கெடுத்தார்.
செல்போன் கவர் விற்கும் பையன்
"இதுக்குக் காசா?" என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டு
ஒப்புதல் படிவத்தில் அழகாகக் கையெழுத்திட்டான்.

பதினாறாவது ஆள்
சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கும் துலுக்காணம்.
"மூணு தடவை போதும்ணே."
மூன்றோடு நிற்கவில்லை.
ரயில் வந்தது, நின்றது, போனது,
அவர் ஸ்டாண்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு
இருமிக்கொண்டே இருந்தார்.
நீட்டிய கை தானாக இறங்கியது.
"எவ்ளோ நாளா?"
"பொங்கலுக்கு முன்னாடி ஆரம்பிச்சுது."
அவர் பெல்ட்டில்
ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு.

சாலையைக் கடந்தால் வார்டு.
பிலோமினா சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை,
அவரைத்தான் பார்த்தார். டப்பாவை நீட்டினார்.
"நாளைக்கு எழுந்ததும் முதல் சளி. எச்சில் இல்ல, சளி."

நான்காம் நாள் முடிவு வந்தது.
'நோயற்றோர்' பத்தியில்
ஏற்கெனவே அடித்து வைத்திருந்த பூஜ்யத்தை அழித்தேன்.
ஒன்று போட்டேன்.
ஹரூனிடம் சொன்னபோது
மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு
"கணக்குல எங்க சேர்க்கிறது இத?" என்றான்.
எனக்கும் தெரியவில்லை.

மாத்திரை தொடங்கி மூன்றாம் வாரம்
வண்டியை விடப் போனேன்.
சட்டை இன்னும் தொளதொளவென்றுதான் இருந்தது.
"என் இருமலை உங்க மிஷினுக்குப் போட்டீங்களே,
என்ன சொல்லிச்சு?"

போட்டிருந்தேன், அன்றிரவே.
இவருக்கு ஒன்றுமில்லை என்றது.

"இன்னும் போடலண்ணே" என்றேன்.
தலையாட்டினார். ஐந்து ரூபாயை நீட்டினேன்;
வாங்கவில்லை, டோக்கனை மட்டும் கிழித்துக்
கையில் வைத்தார்.