ஸ்டேஜுக்கு இடையில்

முப்பத்தொரு வருஷம் இந்த ரோட்டில் போய்வந்தேன்,
திருநெல்வேலி – நாகர்கோவில், நாளைக்கு மூணு நடை.
பொன்னாக்குடி, மூன்றடைப்பு, நாங்குநேரி, வள்ளியூர்:
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்
ஊர் வரும், கூடவே கட்டணமும் வரும்.
மூன்றடைப்பு தாண்டியதும்
ரோடு லேசாக ஏறுகிறது என்பது மட்டும்
அறுபத்தொண்ணாம் வயதில்
தொடை சொல்லித்தான் தெரிந்தது.

பஸ்ஸில் மேடு என்றால்
டிரைவர் பவுல்ராஜ் கியர் மாற்றுகிற சத்தம்.
அதற்கு மேல் அதில் எனக்குப் பங்கில்லை.
நான் பின்பக்கம் பார்த்தே நின்றவன்.
சில்லறை, முழங்கை,
இந்தப் பிள்ளைக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்கிற வழக்கு.
வெளியே என்ன ஓடியது என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.

சைக்கிள் வாங்கியது மேலப்பாளையத்தில், மைதீன் பிச்சையிடம்.
பழசு. கியர் ஏழில் ரெண்டு விழாது.
ஹேண்டில் இடப்பக்கமாய் இழுக்கிறது என்று
மூன்று தரம் திருப்பிக் கொண்டுபோனேன்.
மூணாம் தரம் அவர் சைக்கிளைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தார்.
“இழுக்கது ஹேண்டில் இல்லவே, ஒம்ம தோளு.
எத்தன வருசம் அந்தத் தோல் பை தொங்கிச்சு?”

செல்லக்கனிக்கு வேறு கேள்வி.
“ஓசி பாஸ் இருக்கு. அது இருக்கும்போது
எதுக்கு இந்தப் பாடு?”
பதில் இல்லை என்னிடம்.
கன்னியாகுமரி, அப்படியே கரையோரம் உவரி,
திருச்செந்தூர், வீடு; நாலு நாள் என்றேன்.
பிரஷர் மாத்திரையை
ஏழு நாளைக்கு எண்ணி வைத்தாள்.

ஆடி மாதம்.
ஆரல்வாய்மொழி வாயைத் திறந்து வைத்திருந்தது.
வள்ளியூர்வரை சும்மா சீண்டிய காற்று
பணகுடிக்கு அப்பால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது.
காற்றாலைகள் எல்லாம் எனக்கு முதுகைக் காட்டி நின்றன.
அவற்றுக்கு அது சம்பளம்.
எனக்கு அபராதம்.
இறங்கி உருட்டினேன்.

பின்னால் ஹாரன். என் பழைய வண்டி,
அதாவது என் பழைய நேரம்; வண்டி புதுசு.
படியில் தொங்கியபடி இசக்கிதாஸ்:
“அண்ணாச்சி, சைக்கிள டாப்புல போட்டுக்கிடலாம், ஏறுங்க.
காவல்கிணறுவரைக்கும்.”
ஜன்னலெல்லாம் தலை. ஒரு பையன் போனைத் தூக்கிவிட்டான்.
பொய் சொல்லக்கூடாது,
என் ஒரு கை கேரியர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தது.
“லக்கேஜோட எவ்வளவு?” என்றேன், பழக்கதோஷம்.
அவன் சொன்ன தொகை எனக்குப் புதிது.
“இங்க ஸ்டேஜ் கெடையாதே,
எங்கருந்து போடுத கணக்கு?”
“பணகுடியிலிருந்துதான்.”
“அப்போ பணகுடியிலிருந்து இதுவரைக்கும் நான் உருட்டுனது?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது.
எனக்கு வரவில்லை. உண்மையாகவே கேட்டேன்.
எத்தனை பேரிடம் நானும் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன்,
நடுவழியில் கை நீட்டி ஏறியவர்களிடம்,
அவர்கள் வாராத தூரத்துக்கும் சேர்த்து.
விரலை மடக்கி வாயில் வைத்து
ரெண்டு விசில் கொடுத்தேன்.
டிரைவர் என்னை நம்பிக் கிளப்பிவிட்டான்.

பிறகு காற்று மட்டும்.
ஒரு சின்னப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து
கருப்பட்டி மிட்டாயைக் கடித்தேன்.
காவல்கிணறு இன்னும் நாலு கிலோமீட்டர்;
பஸ்ஸில் அஞ்சாறு டிக்கெட் கிழிக்கிற நேரம்.
முழங்கால் தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

போன் வந்தது.
“எங்க இருக்கீரு?”
“பணகுடிக்கும் காவல்கிணறுக்கும் நடுவுல.”
“நடுவுலன்னா?”
எழுந்து பார்த்தேன். உடைமரம் ஒன்று.
அதன் முள்ளில் மாட்டிக்கொண்டு படபடக்கிற
யாருடையதோ சிவப்புத் துண்டு.
நாலு வெள்ளாடு. மகேந்திரகிரியின் பாதி, மீதி மேகம்.
இதற்கு எந்த ஊர்ப் பெயர் சொல்வது?

“காத்தடிக்கிற எடம்” என்றேன்.
“அது இங்க வரைக்கும் கேக்கு” என்றாள்.