பன்னிரண்டாம் அத்தியாயம்

சுவான்சி நூலகத்தில் எடுத்த கதை.
வளர்ப்பு வீட்டுக்கு வந்த சிறுமி
பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தட்டை உடைக்கிறாள்,
பதின்மூன்றில் அழுகிறாள்,
கடைசிப் பக்கத்தில்
"அம்மா" என்கிறாள். படத்தில் நாய்க்குட்டியும் உண்டு.

எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன்.
அவருக்குக் கிடைத்தது நூற்றெண்பது பக்கம்.
எனக்கும் ரீஸுக்கும் இது பதினோராவது மாதம்.

ரீஸ் எந்தத் தட்டையும் உடைத்ததில்லை.
கழுவித் துடைத்து
இருந்த இடத்திலேயே வைப்பான், விருந்தாளி போல.
ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூடக் கேட்பான்.
தூங்கும்போதும் ஷூவோடுதான்;
நாடா இரட்டை முடிச்சு.

இன்றிரவு வாசித்து முடித்ததும் கேட்டான்:
"அவளுக்கு இது எத்தனையாவது வீடு?"
பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன்.
"முதல் வீடுதான் போல."
"ஓ," என்றான். "அப்போ கதை இன்னும் ஆரம்பிக்கல."

கடலிலிருந்து வந்த மழை ஜன்னலை அறைந்தது.
என்ன சொல்வதென்று தெரியாமல்
புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய தேதியைப் பார்த்தேன்.
வியாழன்.
"அந்த நாய்க்கு என்ன பேர் வெச்சாங்க?"
எனக்கும் நினைவில்லை.

விளக்கை அணைக்கப் போனபோது
போர்வைக்கு வெளியே இரண்டு கால்கள்.
ஒன்றில் ஷூ.
மற்றதில்
வெறும் காலுறை, பெருவிரலிடம் ஓட்டை.