அரை வட்டம்

ராயக்கோட்டை சாலையில்
டைல்ஸ் கடைக்கு மேல்மாடி.
மேசையில் அவர்கள் பில்லும்
எங்கள் வீட்டு ஜூலை மாதத் தாளும்
பக்கம் பக்கமாகக் கிடந்தன.
ஆணியிலிருந்து பிடுங்கிய கிழிசலோடு
தாளை நான்தான் கொண்டுபோனேன்.

பில் சொன்னது முப்பத்தொரு நாள்.
நாளுக்கு அறுநூற்றைம்பது.
கையுறை தனி. பஸ் காசு தனி.
"இருபதாம் தேதி ஆளை நிறுத்தினது நீங்கதானே சார்,
போன மாச பாக்கி இருக்குன்னு
போன் போட்டுச் சொன்னீங்களே."
"அப்படி எதுவும் கம்ப்யூட்டர்ல ஏறலைம்மா."

தாளைத் தள்ளினேன்.
எண்ணிக்கொள்ளுங்கள்.
மதலைமேரி வந்த நாளுக்கு ஒரு வட்டம்,
பத்தொன்பது வட்டம்.
எலத்தகிரியிலிருந்து ரெண்டு பஸ் மாறி
காவேரிப்பட்டணம் வந்து இறங்கி
எட்டு மணிக்கு அவரைப் புரட்டிப் போடுவாள்.
முதுகுப் புண்ணைக் கழுவுவாள்.
நிப்பட்டைப் பாலில் ஊறவைத்து
வாயின் நல்ல பக்கமாக ஊட்டுவாள்.
அறுநூற்றைம்பதில் அவள் கைக்கு முந்நூறு.
அதையும் நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மேலாளர் பேனா முனையால் எண்ணினார்.
பதினெட்டு, பத்தொன்பது.
பேனா நிற்கவில்லை.
"இதெல்லாம் என்ன?"

இருபத்திரண்டு, இருபத்துமூன்று,
இருபத்தைந்து, இருபத்தெட்டு, முப்பது.
அரை வட்டங்கள்.

அறிவு கெட்டவள் நான்.
யார் போடச் சொன்னது?

நிறுத்திய பிறகும் வந்தாள்.
கிருஷ்ணகிரியில் வேறு வீட்டு வேலை முடித்து
இருட்டும் நேரத்தில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு,
பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல்.
மூத்திரப் பையை மாற்றினாள். புண்ணைப் பார்த்தாள்.
காசு நீட்டினால்
டீயில் சர்க்கரை கம்மி என்று பேச்சை மாற்றினாள்.
இந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல்
தாளில் வைத்துவிட்டேன், பாதியாக.

ஒப்பந்தத்தின் நாலாம் பக்கம் எனக்கு மனப்பாடம்.
எங்கள் ஆள் எங்களைத் தாண்டி வந்தால்
அன்றோடு வேலை இல்லை.

அவள் கதவருகே நின்றிருந்தாள்,
சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள்.
கழுத்துச் சிலுவையை
முந்தானைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பால் சார்" என்றேன்.
"என்ன?"
"அரை வட்டம்னா அரை லிட்டர்."

மின்விசிறி சுற்றியது.
அவர் மடையர் இல்லை.
மெதுவாகக் கேட்டார்:
"அப்போ முழு வட்டம்?"

பன்னிரண்டு நாள்.
பன்னிரண்டு ஆறுநூற்றைம்பது
ஏழாயிரத்து எண்ணூறு.
மாம்பழக்கூழ் ஆலையில் டப்பா கழுவும் எனக்கு
சீசன் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.
மனக்கணக்கில் நான் கெட்டி.
அன்றைக்கு மட்டும் அது தெரியாதவளாக இருந்திருக்கலாம்.

"முழு வட்டம்னா ஒரு லிட்டர்" என்றேன்.

"அப்போ இந்தத் தாள் வெறும் பால் கணக்கு."
"ஆமா சார்."
"எங்க பில் சரி."
"சரி சார்."
"தவணையில கட்டுறீங்களா?"
"நாலு தவணையா."

மதலைமேரியை எதுவும் கேட்கவில்லை.
படி இறங்கும்போது எனக்கு முன்னால் போனாள்.
திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்காததுதான் நல்லது,
மாடி ஜன்னலில் யாரோ நின்றார்கள்.

ஆகஸ்ட் தாளில் இப்போது
பால் பாக்கெட் வாங்கினால் வட்டம் போடுகிறேன்.
அரை லிட்டர் வாங்கினால் அரை.
யாராவது வந்து பார்த்தால் இருக்கட்டும்.
பெரும்பாலும் அரைதான்.

அவள் வருகிற சாயங்காலங்களை
எங்கும் குறிப்பதில்லை.
எத்தனை நாள் என்று திம்மராஜுக்குத் தெரியும்.
புரண்ட முதுகுக்குத் தெரியாதா.
அவரைத்தான் கேட்க வேண்டும்.
அவருக்குப் பேச்சு வராது.