காகிதம் இல்லாத பிப்ரவரி

என் பெட்டிக்கடையில் இப்போது
செய்தித்தாள் கிடையாது.
ரீசார்ஜ் அட்டை, சூயிங்கம், யெர்பா இலைப் பொட்டலம்,
குடையும் உண்டு.
மொண்டேவீடியோவில் பிப்ரவரி மழை
சொல்லிக்கொண்டு வருவதில்லை.

விற்காத தாள்களை ஒருகாலத்தில்
ஊர்வல நாளுக்கென்று கட்டிவைப்பேன்.
தெருமுனையில் மேளக்காரர்கள்
கசக்கிக் கொளுத்துவார்கள்.
தோல் காயும், சுருதி ஏறும்.
அமைச்சர் முகம் சுருண்டு கருகும்போது
ரெபிக்கே ஒரு படி உயரும்.
கால்பந்தில் தோற்ற செய்திதான்
நின்று எரியும் என்பான் வில்மார்.
நான் சோதித்துப் பார்த்ததில்லை.

இந்த வருஷமும் வந்து கேட்டான்.
கைபேசியைக் காட்டினேன்:
“செய்தியெல்லாம் இதற்குள். கொளுத்திப் பார்.”
சிரிக்கவில்லை.
வீட்டுக்குப் போய்
மின்கட்டண ரசீதுகளையும்
முதல் மனைவியின் வக்கீல் அனுப்பிய கடிதத்தையும்
எடுத்துவந்தான்.
ஒரு சிக்கோவுக்குக்கூடக் காணவில்லை.

அப்போதுதான் சுலேமா சைக்கிளில் வந்தாள்.
முதுகில் மேளம்,
பின்னால் மடக்கிக் கட்டிய அட்டைப்பெட்டிகள்.
ஊருக்கெல்லாம் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவள்.
ஒட்டுநாடாவோடு சேர்ந்தே எரிந்தது அட்டை.
நாற்றமென்றால் அப்படியொரு நாற்றம்,
எதிர்மாடியில் காயப்போட்ட துணியை
உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.
“பிளாஸ்டிக் நெருப்பில் காய்ந்த தோல்
பிளாஸ்டிக் மாதிரிதான் பேசும்” என்றான் வில்மார்.
தோலுக்கு அது தெரியவில்லை.
விரலால் சுண்டினான்.
இன்னொரு முறை சுண்டினான்.
பிறகு வாரைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

மூன்று வகை மேளம் எங்களுக்கு:
நச்சரிக்கும் சிக்கோ,
வம்பளக்கும் ரெபிக்கே,
பியானோ என்று பெயர் வைத்த அடித்தொண்டை.
ஒரு கை வெறுங்கை, மறு கையில் குச்சி.
கப்பலின் அடித்தட்டில் வந்தவர்கள்
கொண்டுவர முடிந்தது கைகளை மட்டும்.
மேளம் இங்கே செய்தது,
யாரோ தூக்கியெறிந்த
யெர்பா பீப்பாய்ப் பலகையில்.

இரண்டாவது வீதி தாண்டுகையில்
சுலேமாவின் ரெபிக்கே
ஓர் அடியை விழுங்கிவிட்டுத் தாமதமாய்த் துப்பியது.
பிசகு என்றுதான் நானும் நினைத்தேன்.
மறுபடியும் அதே இடத்தில். மறுபடியும்.
முன்வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பின.
வில்மாரின் கழுத்து நரம்பு புடைத்தது,
திட்டப்போகிறான்.
திட்டவில்லை.
அவன் பியானோ அந்த இடத்தில்
கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது,
பேருந்தில் பக்கத்து ஆளுக்கு
நகர்ந்து கொடுப்பது போல.

நன்றாக இருந்ததா என்று கேட்டால்
சொல்லத் தெரியவில்லை.
என் கால் இரண்டு முறை தடுக்கியது,
மூன்றாம் முறை தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கூட்டம் போனபின்
சாம்பலில் எரியாமல் கிடந்தது ஒரு மூலை,
அதில் யாருடைய விலாசமோ பாதி:
மூன்றாம் மாடி, இடதுபக்கக் கதவு.

மறுநாள் காலை ஒருவர் வந்து
செய்தித்தாள் கேட்டார்,
போட்டியில் எந்தக் குழு ஜெயித்தது என்று பார்க்க.
இல்லை என்றேன்.
வானத்தைப் பார்த்துவிட்டு
ஒரு குடை வாங்கிக்கொண்டு போனார்.